ஓரக்காவின் கண்ணாடி

அத்தை பில்லியர்ட்ஸ் ஆட வந்ததே ஒரு மேசையைத் தூக்கி வைத்ததால்தான்.

என் அப்பாவுக்கு நேர் இளையவள் அவள். குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் என்ற சரக்கு தூக்கும் வண்டியை ஓட்டுகிறாள். உறைந்த மீன், பட்டாணி, வெண்ணெய் என்று பெட்டி பெட்டியாக வரும் சரக்கைக் கூரையைத் தொடும் தட்டுகளில் ஏற்றுவதும் இறக்குவதும் அவள் வேலை. எங்கோ ஒரு கிளப்பை மூடியபோது அங்கிருந்த பழைய மேசையைக் கிடங்கின் ஓய்வறைக்கு இனாமாகக் கொடுத்தார்கள். பந்துகளைக் குச்சியால் அடித்துக் குழிகளில் போடும் அந்த மேசையின் பச்சைத் துணிக்கு அடியில் கனமான கல் பலகை இருக்கும். கல்லில் விரிசல் விழுந்தால் மேசை வெறும் விறகு. லாரியைச் சுற்றி நின்ற ஆண்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்களே தவிர, ஒருவரும் கை வைக்கவில்லை. அத்தை வண்டியைக் கொண்டுவந்து, அதன் இரண்டு இரும்புக் கரங்களையும் மேசைக்கு அடியில் நுழைத்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் ஓய்வறைக்குள் கொண்டுபோய் இறக்கினாள். மட்டம் பார்க்கிற கருவியை வைத்துப் பார்த்த மேற்பார்வையாளர் குச்சியை அவளிடம் நீட்டினார்.

"நீ வெச்ச மேசை. முதல் அடி நீயே அடி."

அத்தை அதுவரை அப்படியொரு குச்சியைத் தொட்டதுகூட இல்லை. அவள் அடித்த வெள்ளைப் பந்து மேசையை விட்டு எகிறி யாருடைய சாப்பாட்டுப் பெட்டியிலோ போய் விழுந்தது. ஆனால் அன்று வேலை முடிந்தும் அவள் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

"சரக்கு ஏத்தற வேலை மாதிரியேதான் இருக்கு. ஆனா இங்க எதுவும் கனமில்ல," என்று மாமாவிடம் சொன்னாளாம். மாமா, அதாவது அவள் கணவர், பேருந்துப் பணிமனையில் பெயின்டர். யாரையாவது கேலி பண்ணாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"கனமில்லாத வேலைக்குச் சம்பளமும் இல்லையே," என்றாராம் அவர்.

சில வருஷங்களில் கிடங்கு அணிக்கு அவள்தான் முதுகெலும்பு ஆனாள். எங்கள் நகரத்தில் தொழிற்கூடங்களுக்கு இடையே ஆண்டுதோறும் பில்லியர்ட்ஸ் போட்டி நடக்கும். அத்தையின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. 'ஓரக்கா' என்றால் எல்லோருக்கும் தெரியும். குச்சி படுவது வெள்ளைப் பந்தில் மட்டும்; அது போய் மோதித்தான் மற்ற பந்துகள் குழியில் விழ வேண்டும். அடிக்கப்போகும் பந்தின் எந்த விளிம்பில் வெள்ளைப் பந்து உரச வேண்டும் என்று பார்க்கும்போது, அவள் வாய் தன்பாட்டுக்கு "ஓரம்... ஓரம்..." என்று முணுமுணுக்கும். வண்டியைத் தட்டுகளுக்கு நடுவே செலுத்தும்போது வந்த பழக்கம் அது. அக்காவும் ஓரமும் ஒட்டிக்கொண்டு ஓரக்கா ஆகிவிட்டது.

அவள் குனிவதைப் பார்ப்பதே தனி அனுபவம். நின்றுகொண்டிருக்கும்போது அவள் சற்றுக் குண்டான, சளசளவென்று பேசுகிற பெண். இடுப்பை மடித்து, குச்சியின் மேல் தாடையைப் படியவைத்ததும் வேறு ஆளாகிவிடுவாள். அறை தானாகவே அடங்கிவிடும். பந்து குழியில் விழுகிற 'டொக்' சத்தம் கேட்ட பிறகுதான் பக்கத்தில் இருப்பவர் இருமுவார்.

அந்த அத்தைதான் ஒருநாள் என் வேலையிடத்துக்கு வந்து, கவுன்டருக்கு எதிரே இருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள்.

"கை போயிடுச்சுடி எனக்கு," என்றாள்.

"என்ன ஆச்சு அத்தை? அடிபட்டுச்சா?"

"அடியெல்லாம் படல. ஆட்டம் போயிடுச்சு. நேரா நிக்கற பந்தைக்கூடத் தவற விடறேன். டீமுக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிட்டேன்."

"எப்ப இருந்து? இந்தப் புதுக் கண்ணாடி போட்டதுக்கு அப்புறமா?"

"அதுக்கும் இதுக்கும் என்னடி? பேப்பர் படிக்க முடியுது. பஸ் போர்டு தெரியுது. கண்ணுல ஒண்ணுமில்ல, கைதான்."

கூட வந்திருந்த மாமா வாசலில் நின்றபடி, "கை நல்லாத்தான் இருக்கு. நேத்துகூட என் முதுகுல வெச்சா பாரு ஒண்ணு, குறி தப்பவே இல்ல," என்றார்.

அத்தைக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை; தூரத்தில் இருப்பது கலங்கித் தெரியும். முன்பு அணிந்திருந்த கண்ணாடி அகலமானது; புருவத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும். அது உடைந்தபின் வந்தது, அவள் மகன் தேர்ந்தெடுத்த ஒல்லியான, அழகான ஃபிரேம். வயதுக்கு ஏற்ப தூரத்துக்கு மேலேயும் படிக்கக் கீழேயும் பவர் மாறுகிற லென்ஸ். யாரைக் கேட்டாலும் நல்ல கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. அடுத்த விடுமுறை நாளில் அவளைக் கிடங்கின் ஓய்வறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"வழக்கமா குனியற மாதிரி குனிங்க. அடிக்க வேணாம். அப்படியே இருங்க."

அவள் மேசையின் ஒரு முனையில் குனிந்தாள். நான் எதிர்முனையில் மண்டியிட்டு, மேசை விளிம்பில் தாடையை வைத்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுடைய இரண்டு கண்களும் ஃபிரேமுக்கு மேலே, புருவத்துக்கும் மேல் விளிம்புக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. கண்ணாடி அவள் கன்னத்துக்குக் காவல் நின்றது.

மனிதர்கள் பொதுவாக நேராகவோ கீழ்நோக்கியோதான் பார்ப்பார்கள். கண்ணாடிகளையும் அதற்காகவே செய்கிறோம். பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கண்ணை மட்டும் மேலே உயர்த்திப் பார்க்கிறார். லென்ஸில் வேறு யாருக்கும் தேவைப்படாத மேல்விளிம்புதான் அவருக்கு வேண்டியது.

"அத்தை, நீங்க கண்ணாடி வழியாவே பாக்கல," என்றேன்.

"வேற எது வழியாப் பாக்கறேன்?"

"வெறுங்கண்ணால."

அவள் நம்பவில்லை. நான் இரண்டு பந்துகளை என் பக்கத்தில் ஒட்டிவைத்து, என்ன தெரிகிறது என்று கேட்டேன். நெடுநேரம் பார்த்தாள்.

"பஞ்சு," என்றாள். "ஒரே பஞ்சு உருண்டை. கொஞ்சம் நீளமா."

"ரெண்டு பந்து இருக்கு அத்தை."

"அப்படியா," என்றாள். பிறகு, நான் சொல்லாமலே, அதில் ஒன்றை அடித்தாள். அது மூலைக்குழியில் போய் விழுந்தது.

எனக்கு என் தொழில் தெரியும். அவள் பவரில், அந்தத் தூரத்தில், அந்தப் பந்தின் விளிம்பு தெரிய வழியே இல்லை. இன்னும் சில பந்துகளை வைத்துப் பார்த்தேன். சில தவறின, ஆனால் அடிக்கொரு தரம் உள்ளே போய்க்கொண்டேயிருந்தன. குருட்டுப் பூனை விட்டத்தில் தாவுகிற கதையாகவும் தோன்றவில்லை. ஏதோ ஒன்றைப் பார்த்துத்தான் அடித்தாள்.

"பஞ்சுன்னு சொன்னீங்களே. அப்ப எதைப் பாத்து அடிக்கறீங்க?"

"மேல லைட்டு தொங்குதுல்ல? அது ஒவ்வொரு பந்தோட உச்சியிலயும் ஒரு புள்ளியா விழும். பந்து கலங்கிப்போனா அந்தப் புள்ளியும் பெருசாக் கலங்கும். ஆனா அதுக்கு ஒரு நடு இருக்கும்ல? அந்த நடுவைப் பிடிச்சுக்கிட்டு, பந்து எவ்வளவு பெருசுன்னு கைக்குத் தெரியுமே, அதை வெச்சு ஓரம் எங்க இருக்கும்னு நெனச்சுக்குவேன்."

மாதக்கணக்கில் அவள் பந்துகளை ஆடவே இல்லை. பந்துகளின் மேல் விழுந்த வெளிச்சத்தை ஆடியிருக்கிறாள். அதை வைத்துக்கொண்டு பாதி ஆட்டங்களை ஜெயித்தும் இருக்கிறாள். இதைத்தான் இந்த மனுஷி கை போய்விட்டது என்று என்னிடம் வந்து சொன்னாள்.

அதற்குப் பிறகு கண்ணாடி தேர்ந்தெடுக்கும் படலம். முதலில் கண்ணுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் லென்ஸ் போட்டுப் பார்த்தோம். குளிர்கிடங்கின் வறண்ட காற்றில் கண்ணில் மணல் கொட்டியது போல் அரித்தது. அத்தை அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டாள். அகலமான ஃபிரேமில் பவர் மாறும் லென்ஸைப் பொருத்தினோம். அதன் மேல் மூலை வழியாகப் பார்த்தால் நிற்கிற பந்து நீந்தியது. அடுத்து நான் ஒரு ஃபிரேமைத் தலைகீழாகப் புரட்டி மாட்டிவிட்டேன். லென்ஸ் புருவத்துக்கு மேலே ஏறியது, பார்வையும் சரியாக இருந்தது. ஆனால் மூக்கில் பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டே வந்தது.

"சிரசாசனம் செய்யற கண்ணாடியை இன்னைக்குத்தான் பாக்கறேன்," என்றார் மாமா. அத்தை சிரித்த சிரிப்பில் கண்ணாடி மேசைக்கு அடியில் போய் விழுந்தது.

வழி அதுதான் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. ஒரே பவர் கொண்ட பெரிய லென்ஸ். மூக்கின் மேல் உயரமாக உட்கார வேண்டும். அடுத்த கேள்வி, எந்தத் தூரத்துக்குப் பவர் போடுவது என்பது. குச்சி முனை ஒரு தூரத்தில், வெள்ளைப் பந்து ஒரு தூரத்தில், அடிபடும் பந்து அதற்கும் அப்பால். இந்த வயதுக் கண்ணால் எல்லாவற்றையும் ஒரே கூர்மையில் பார்க்க முடியாது.

"அடிக்கற கடைசி நொடியில எதைப் பாப்பீங்க அத்தை?"

"வெள்ளைப் பந்தைத்தான். அதைத்தானே அடிக்கறோம்?"

எதற்கும் பார்த்துவிடலாம் என்று மறுபடி எதிர்முனையில் மண்டியிட்டேன். குச்சி முன்னும் பின்னும் போய்வந்தது. அவள் கண்கள் வெள்ளைப் பந்துக்கும் தூரத்துப் பந்துக்கும் நடுவே அலைந்தன. பிறகு குச்சி பின்னால் இழுபட்டு ஒரு கணம் நின்றது. அந்தக் கணத்தில் கண்கள் வெள்ளைப் பந்தை விட்டுவிட்டு, தூரத்துப் பந்துக்கு வந்து, ஆணி அடித்ததுபோல் நின்றன. இமை அசையவில்லை. அடித்து முடியும்வரை அவை வெள்ளைப் பந்தின் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு முறையும் இதுவே நடந்தது.

நான் சொன்னபோது அத்தை குச்சியைக் கீழே வைத்தாள். "அப்ப வெள்ளைப் பந்தை யாரு பாத்துக்கறா?"

"கைதான்."

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், வேறு யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல.

என் கடை முதலாளி பவர் பார்ப்பதிலும் கைதேர்ந்தவர். கதையைக் கேட்டதும், அன்றைக்கு வந்த வேலைகளை அப்படியே ஒதுக்கிவிட்டு, பழைய ஃபிரேம்கள் கிடந்த இழுப்பறையைக் கவிழ்த்தார். ஒரு காலத்தில் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்த, முகத்தில் பாதியை மூடுகிற ஆந்தைக் கண்ணாடி ஒன்று கிடைத்தது. அதன் மூக்குத் தாங்கிகளை நீளமான கம்பியில் இறக்கி, ஃபிரேம் முழுவதையும் மேலே ஏற்றினேன். காதுக் கம்பிகளைச் சூடான காற்றில் காட்டி வளைத்தோம். சாதாரணக் கண்ணாடியில் லென்ஸின் கீழ்விளிம்பு கன்னத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். இதில் அதை மாற்றி, மேல்விளிம்பு நெற்றிப் பக்கம் சாயவும் கீழ்விளிம்பு விலகி நிற்கவும் செய்தோம். அத்தையை மேசையில் குனியவைத்து, வெறும் பிளாஸ்டிக் லென்ஸில் அவள் கண்மணி விழும் இடத்தை மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்தேன். புள்ளி எந்த வாடிக்கையாளருக்கும் நான் வைக்காத உச்சியில் விழுந்தது. லென்ஸின் மையத்தை அங்கேயே வைத்தேன். பவர், அவள் கண் போய் நின்ற அந்தத் தூரத்துப் பந்துக்கு. விளக்கின் பிரதிபலிப்பு லென்ஸில் விழாமலிருக்க மேலே ஒரு பூச்சு.

நின்றபடி அதைப் போட்டுக்கொண்டபோது அத்தை கார்ட்டூன் மாதிரி இருந்தாள். மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவள் பொருட்படுத்தாமல் குனிந்தாள்.

குனிந்தவள் அடிக்கவில்லை. குச்சியும் அசையவில்லை. மூச்சு விடுகிறாளா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது. நானும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"என்ன தெரியுது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"துணிக்கு முடி இருக்குடி," என்றாள், தலையை எடுக்காமலே. "எல்லாம் ஒரே பக்கமாப் படுத்திருக்கு, காத்தடிச்ச புல்லு மாதிரி. குச்சி முனைல தேய்க்கற நீலச் சாக்பீஸ் பொடி பந்து மேல ஒட்டியிருக்கு. அதுக்கு அந்தப் பக்கம்..." நிறுத்தினாள். "பந்துக்கு ஓரம் இருக்கு. நெஜமாவே இருக்கு. கத்தியால வெட்டின மாதிரி."

மாமா வந்து அவள் பக்கத்தில் குனிந்து, அவள் பார்த்த திசையிலேயே பார்த்தார்.

இதற்குப் பிறகு வெற்றிமேல் வெற்றி என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். நடந்தது வேறு. கண்ணாடி போட்ட பிறகு அவள் முன்பைவிட மோசமாக ஆடினாள். வெளிச்சத்தின் நடுவைப் பிடித்துக் கணக்குப் போட்டுப் பழகிய கைக்கு, கண்ணெதிரே நிற்கிற விளிம்பை என்ன செய்வதென்று தெரியவில்லை. பந்துகள் குழியின் உதட்டில் முட்டி முட்டித் திரும்பின. அணியில் சிலர், ஓரக்கா பழைய பஞ்சுக்கே போய்விடலாம் என்று ஜாடையாகச் சொன்னார்கள். எனக்கும் முகம் செத்துவிட்டது. கழற்றி வைத்துவிடுங்கள் என்று நானே சொன்னேன்.

"இத்தனை நாள் திரை போட்டு வெச்சிருந்த ஜன்னலை இப்பதான் தெறந்து விட்டிருக்கே. மறுபடி மூடச் சொல்றியா? புது ஊருக்கு வந்தா வழி தெரியறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும். நடந்து பாக்கறேன்."

நடந்துதான் பார்த்தாள். தெரிந்த வித்தைகளை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, குழிக்குப் பக்கத்தில் ஒரு பந்தை வைத்து அடிப்பதிலிருந்து தொடங்கினாள். பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே போனாள். அவளைவிட மோசமாக ஆடுகிறவர்கள் பக்கத்தில் நின்று யோசனை சொன்னபோதும் முகம் சுளிக்கவில்லை. ஒரு மாலை நான் போனபோது மேசையின் நீளம் முழுவதையும் கடந்து ஒரு பந்து சத்தமில்லாமல் மூலைக்குள் இறங்கியது. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. கூர்ந்து கேட்டேன்: "ஓரம்... ஓரம்..."

அந்த ஆண்டு கிடங்கு அணி இறுதிப்போட்டிக்கு வந்தது. எதிரணி ஒரு சீருடைத் தையற்கூடம். அவர்களுடைய பெரிய ஆட்டக்காரர் துணி வெட்டும் தையல்காரர். ஒல்லியான, அளந்து பேசுகிற மனிதர். இரு அணிகளும் சமநிலையில் இருந்தபோது கடைசி ஆட்டத்துக்கு அவரும் அத்தையும் இறங்கினார்கள்.

அத்தைக்குப் பட்டை போட்ட பந்துகள், அவருக்கு முழு நிறப் பந்துகள். யார் முதலில் தன் பந்துகளை முடித்துக் கறுப்பையும் போடுகிறாரோ அவரே ஜெயித்தவர். அத்தைக்கு ஒரே ஒரு பட்டைப் பந்தும் கறுப்பும்தான் பாக்கி. அந்தப் பட்டைப் பந்து தையல்காரரின் சிவப்புப் பந்துக்கு அருகே, தாள் நுழையும் இடைவெளியில் நின்றது. வெள்ளை முதலில் சிவப்பைத் தொட்டுவிட்டால் ஆட்டவிதிப்படி தவறு. வெள்ளைப் பந்து எதிராளியின் கைக்குப் போய்விடும், விரும்பிய இடத்தில் வைத்து அவர் ஆடலாம்.

அத்தை குனிந்தாள். வெள்ளை புறப்பட்டது. பட்டைப் பந்து குழியில் விழுந்தது. கிடங்கு ஆட்கள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். கறுப்பு குழிக்கு எதிரிலேயே நின்றது. அதைப் போட அத்தை தேவையில்லை, நானே போட்டிருப்பேன்.

அத்தை நிமிர்ந்து, குச்சியை மேசைமேல் வைத்தாள்.

"சிவப்புல பட்டுட்டுத்தான் போச்சு," என்றாள்.

கைதட்டல் பாதியில் நின்றது. நடுவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "எனக்கு அப்படித் தெரியலயேம்மா," என்றார்.

"சிவப்பு லேசா நடுங்குச்சு. அப்புறம்தான் என் பந்து கெளம்புச்சு."

நடுவர் தையல்காரரைப் பார்த்தார். அவர் நிதானமாகத் தலையசைத்தார். "நானும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத்தான் பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல."

"எனக்குத் தெரிஞ்சுது," என்றாள் அத்தை. அவள் குரலில் வருத்தமோ பெருமையோ இல்லை. நான் பார்த்தவரை அவள் முகத்தில் இருந்தது வியப்பு மட்டுமே. அவ்வளவு சின்ன நடுக்கத்தைத் தான் பார்த்துவிட்டோம் என்ற வியப்பு.

தையல்காரர் வெள்ளைப் பந்தை வாங்கி, தன் பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக முடித்து, கறுப்பையும் போட்டார். கோப்பை தையற்கூடத்துக்குப் போனது. கிடங்கு ஆட்களில் இரண்டொருவர் அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேற்பார்வையாளர் மட்டும் வந்து அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"உன் மருமக உனக்குக் கண்ணாடி செஞ்சாளா, எதிராளிக்குச் செஞ்சாளா?" என்று கேட்டார் மாமா, பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது. குரலில் கேலி பாதிதான் இருந்தது.

அத்தை சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"முன்னாடி எத்தனை தடவை இப்படிப் பட்டிருக்குமோ. நானும் பாக்கல, யாரும் பாக்கல. ஜெயிச்சோம்னு வீட்டுக்குப் போயிருப்போம்." பிறகு, தனக்குத்தானே பேசுவதுபோல, "எவ்வளவோ நடக்குதுடி அந்த மேசைல," என்றாள்.

லென்ஸ் தேய்ப்பவளுக்கு, தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு ஒரு மனுஷி என்ன செய்வாள் என்பது எந்தப் பவரிலும் அடங்காது. பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்தோம். அத்தை ஆந்தைக் கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்; பழைய ஒல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மளிகைக் கடைக்குப் போக வேண்டுமா என்று மாமாவைக் கேட்டாள்.

சில நாள் கழித்துத் தையல்காரர் எங்கள் கடைக்கு வந்தார். சுற்றி வளைக்காமல், "அந்தம்மாவுக்குச் செஞ்சது மாதிரி எனக்கு ஒண்ணு வேணும்," என்றார். அவர் ஆடும் மேசைக்கே போய், அவரைக் குனியவைத்து, எதிரில் மண்டியிட்டு, லென்ஸில் புள்ளி வைத்தேன். அவருடைய கண் கடைசி நொடியில் வெள்ளைப் பந்திலேயே நின்றது. ஆளுக்கு ஆள் வேறு. இப்போது நகரத்தின் பாதி அணிகளுக்கு நான் மண்டியிட்டிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

அடுத்த ஆண்டு கிடங்கு அணி அரையிறுதியிலேயே வெளியேறியது. அத்தையைத் தோற்கடித்தது தையல்காரர்தான். இந்த முறை தவறும் இல்லை, நடுக்கமும் இல்லை, சுத்தமான ஆட்டம். நான் பொருத்திக் கொடுத்த கண்ணாடிதான் அவர் மூக்கில் இருந்தது. அதைச் சொல்லிக் கேலி பண்ணுவதை மாமா இன்றுவரை விடவில்லை.